பிளஸ் ஒன் பாடத்தை நடத்துங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலரின் வீட்டில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் அட்டை பிய்ந்து, செலோ டேப் ஒட்டி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பும் நட்சத்திரக் குறியுமாகக் கிடக்கும். பக்கத்திலேயே பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகம் மடிப்பு விழாமல், கொடுத்த நாளில் இருந்தபடியே இருக்கும். இரண்டு ஆண்டுப் படிப்பு என்று சொல்லி நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை படித்தது ஓராண்டுப் பாடத்தை. அதையே இரண்டு முறை.

இது ரகசியம் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, கோடை விடுமுறையிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும் தனியார் பள்ளிகள் பல உண்டு. சில பள்ளிகள் காலாண்டுத் தேர்வு வரை பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு அடுத்த புத்தகத்துக்குத் தாவும். பெற்றோருக்கும் தெரியும். 'கட்-ஆஃப் வருவது பிளஸ் டூ மார்க்கில்தானே' என்று சேர்க்கையின்போதே பேசி முடித்த விஷயம் அது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் பொறியியல் கலந்தாய்வில் பதினோராம் வகுப்புக்கு இடமே இல்லை. அதனால் அந்த ஆண்டுக்கும் இடமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவு எவ்வளவு தவறு என்பதற்குப் பாடநூலே சாட்சி. பிளஸ் டூ கணிதத்தின் முதல் அத்தியாயம் 'அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்'. பின்னால் 'வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' வருகிறது, 'தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' வருகிறது. எல்லாம் பயன்பாடுகள். அணி என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, ஒரு சார்பை ஏன் வகையிடுகிறோம் என்பதெல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கின்றன. முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், வெக்டர் இயற்கணிதம், நிகழ்தகவின் தொடக்கப் பாடம் எல்லாமே அங்கேதான். அடிப்படையைக் கேட்காத பிள்ளைக்குப் பயன்பாட்டை எப்படிக் கற்பிப்பது? வழி ஒன்றுதான்: கணக்கை மனப்பாடம் செய்ய வைப்பது. 'புக் பேக்' கணக்குகளை ஐந்து ரிவிஷன், பத்து ஸ்லிப் டெஸ்ட் என்று எழுதவைத்துக் கையைப் பழக்கிவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. குறை கல்லூரியில்தான் வெளியே வருகிறது.

பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்து வகுப்பை எண்ணிப் பாருங்கள். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு தொகையிடலை எழுதி, இரண்டு படிகளைத் தாண்டி விடைக்குப் போகிறார். தாண்டிய படிகள் பிளஸ் ஒன்னில் படித்திருக்க வேண்டியவை; மாணவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் அவர் தாண்டுகிறார். கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை கையில் பேனாவோடு அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது. கேட்க வெட்கம். பக்கத்து இருக்கைக்காரரும் அதே நிலையில் இருப்பது தெரியாது. தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. எம்-ஒன் (முதல் பருவக் கணிதம்) அரியர் என்று கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புலம்புகிறார்களே, அந்த அரியரில் பெரும் பங்கு பதினோராம் வகுப்பில் விழுந்தது. பள்ளியிலேயே நடத்தியிருக்க வேண்டிய பாடத்துக்காக, பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை தன்னையே மட்டமாக நினைக்கிறது. இந்த அநியாயத்தை நம்மால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கணிதத்தோடு நிற்பதில்லை. வணிகவியல் பிரிவில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம் எல்லாம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல். பிளஸ் டூவில் நேராகக் கூட்டாண்மைக் கணக்குக்குப் போய்விட்ட மாணவர், பி.காம். முதல் பருவத்தில் எதைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது என்று தடுமாறுகிறார். நீட், ஜேஇஇ தேர்வுகளின் பாடத்திட்டம் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தது. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாம் பதினோராம் வகுப்பு இயற்பியல். பள்ளியில் அதைக் கைவிட்டுவிட்டுப் பிறகு பயிற்சி மையத்தில் பணம் கட்டி அதையே படிக்கிறோம். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாடம் இல்லாமலே போகிறது.

இந்த முறைகேட்டை நிறுத்தத்தான் தமிழ்நாட்டில் 2017-18-ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் அரசுப் பொதுத்தேர்வு வந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து 1,200 என்பது முதல் திட்டம். ஆனால் 2018-லேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று அரசு பின்வாங்கியது. அன்றைக்கே அந்தத் தேர்வின் பல் பிடுங்கப்பட்டது. தேர்ச்சி பெற்றால் போதும் என்ற அளவுக்குப் பாடம் நடத்தப் பள்ளிகள் பழகிக்கொண்டன. கொரோனா காலத்தில் 2021-இல் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு 20 விழுக்காடு எடை கொடுத்துத்தான் முடிவு அறிவிக்க வேண்டியிருந்தது. பிளஸ் ஒன்னும் முக்கியம் என்று அது கற்றுத்தந்ததை அந்த ஆண்டோடு மறந்தோம். 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே இல்லை என்றாகிவிட்டது.

தேர்வை நீக்கியதற்கான காரணத்தை நாம் மறுக்கவில்லை. பதினைந்து வயது முதல் பதினேழு வயது வரை தொடர்ந்து மூன்று பொதுத்தேர்வு என்பது கொடுமைதான். பிளஸ் ஒன்னில் ஒன்றிரண்டு பாடங்களில் தவறி, அதையும் சுமந்துகொண்டு பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகவே பழைய தேர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. தேர்வு போகட்டும், பாடம் போகக் கூடாது. தேர்வை எடுத்த கையோடு, பாடம் நடக்கிறதா என்று பார்க்கும் வேலையை அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான வலுவான ஏற்பாடு எதையும் நாம் இன்னும் காணவில்லை.

மேல்நிலைக் கல்வி எதற்காகப் பிறந்தது என்பதை இங்கே நினைவூட்டுவது நல்லது. 1978-க்கு முன் பள்ளி முடித்தவர்கள் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்துவிட்டுத்தான் பட்டப் படிப்புக்குப் போனார்கள். புகுமுக வகுப்பு என்று தமிழில் அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஓராண்டின் இடத்தில், கல்லூரிக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் இரண்டு ஆண்டுகளாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பள்ளிக்கு வந்தன. இன்றைக்கு ஓராண்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டதால் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறோம். உண்மையில் அதைவிடவும் கீழே. அந்த ஓராண்டிலாவது பாடம் வரிசையாக நடந்தது.

அரசுப் பள்ளிகளில் நோய் வேறு. அங்கே பாடத்தை வேண்டுமென்று விடுவதில்லை. ஆள் இல்லாமல் விடுபடுகிறது. முதுநிலை ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியானால், இருக்கும் ஒருவர் இரண்டு வகுப்பையும் பார்க்கிறார். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது பிளஸ் டூவுக்கு என்பதால் அவருடைய நேரம் அங்கே போகிறது. ஆய்வகமும் அப்படித்தான்: பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது திறக்கும் பூட்டு, பிளஸ் ஒன்னுக்குத் திறப்பது அரிது. இத்தனைக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதன் வழியாகப் பொறியியல் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நல்ல ஏற்பாடு, போற்ற வேண்டியது. ஆனால் சீட்டையும் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு, முதல் பருவத்துக்கு வேண்டிய கணிதத்தைக் கொடுக்காமல் அனுப்பினால், வீட்டின் முதல் பட்டதாரியாக வரவேண்டிய பிள்ளை அரியரோடு திணறுகிறது. மற்றவர்களுக்காவது வீட்டில் சொல்லிக்கொடுக்க அண்ணன், அக்கா இருப்பார்கள். இந்தப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான்.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பிளஸ் ஒன் அரையாண்டு, ஆண்டுத் தேர்வு விடைத்தாள்களை வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்தட்டும். மதிப்பெண்ணைப் பிள்ளையின் தலையில் எழுத வேண்டாம். பள்ளியின் கணக்கில் எழுதுங்கள். மாவட்ட அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் பிளஸ் ஒன் வகுப்புக்குள் போய் நோட்டுகளை வாங்கிப் பார்க்கட்டும்; ஆகஸ்ட் மாதத்தில் அதில் பிளஸ் டூ கணக்கு இருந்தால் அந்தப் பள்ளியின் அங்கீகாரம் கேள்விக்குள்ளாக வேண்டும். காலிப் பணியிடங்களை ஜூன் மாதத்துக்குள் நிரப்புங்கள். அரசின் 'நான் முதல்வன்' திட்டம் போன்ற உயர்கல்வி வழிகாட்டுதலையும் பதினோராம் வகுப்பிலேயே ஆழமாகத் தொடங்கலாம். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் தேவை என்று அப்போதே தெரிந்த பிள்ளை, அந்தப் பாடம் நடக்காதபோது தானே கேள்வி கேட்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் பிள்ளையின் கணித நோட்டையோ கணக்குப்பதிவியல் நோட்டையோ இன்று மாலை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பாடம் புரிய வேண்டியதில்லை. அத்தியாயத்தின் தலைப்பைப் புத்தகத்தோடு ஒப்பிட்டாலே போதும். தலைப்பு அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் இருந்தால், நாளைக் காலை பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.