செம்மரம் எந்தப் பாடத்தில் வருகிறது?

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படிக்கிற மலைப் பிள்ளைகளுக்குக் 'கற்பித்தல் யோசனைகளும் வளங்களும்' என்று ஒரு தொகுப்பு போடப் போகிறார்களாம். ஜவ்வாது மலையில் பன்னிரண்டு வருஷமாகச் சாக்பீஸ் தூள் தின்றவன் என்பதால் என்னையும் எழுதச் சொல்லி ஒரு தோழர் கேட்டார். மாதிரிக்கு ஒரு பெட்டியும் அனுப்பியிருந்தார். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸிலிருந்து இறக்கி, தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் திறந்தோம். சிங்க முகமூடி, யானை முகமூடி, கலர் அட்டைகள், காகிதக் கொக்கு செய்யும் முறை, தொங்கவிடுகிற சூரியக் குடும்பம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி யானை முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, எங்களுக்கா?" என்றாள். விடியறதுக்கு முன்னாடி எழுந்து தண்ணி தூக்கி, தம்பிக்குச் சோறு போட்டு, நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறவள் அவள்.

அனுப்பியவர் நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதன்மேல்தான் கோபம். மலைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாததற்குக் காரணம் பாடம் சுவையாக இல்லாததுதான், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பொம்மை, கொஞ்சம் கலர் சேர்த்தால் ஏறிவிடும் என்கிற நம்பிக்கை. 2007ல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோதும் இதே பேச்சுதான். நடுநிலை வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' வந்தபோது பாடத்துக்குப் பாடம் மன வரைபடம் போடச் சொன்னார்கள். பிள்ளைகளும் சிலந்தி வலை மாதிரி அழகாகப் போட்டார்கள். வலையின் நடுவில் எந்தச் சொல்லை எழுதுவது என்று முடிவு செய்கிற அதிகாரத்தை மட்டும் யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை.

அந்தச் சொல் எதுவாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஒரு பையன்.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்பு அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பழங்குடிகள். பிணங்கள் மலையேறி வந்த அந்த வாரத்தில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுத் தேர்வுக்காகத் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தேன். சைலம், புளோயம், மரத்தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். கரும்பலகையில் மரம் இருந்தது. அந்த மரத்துக்காகச் செத்தவன் பேர் வகுப்பில் வரவில்லை. படத்தை நல்லா வரைந்த பையனுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அடுத்த வருஷம், எட்டாவதோடு நின்றுபோன ஒருத்தன் ஆந்திரா போய்த் திரும்பியிருந்தான். சாயங்கால வகுப்பு நடக்கும்போது வாசப்படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான். கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் அங்கிருந்தே கேட்டான்: "சார், செம்மரம் எந்தப் பாடத்துல வருது?" நான் முழித்தேன். "அது இன்னாத்துக்கு சார் அவ்ளோ வெலை? வெட்டற எங்களுக்கே தெரியாதே!"

தோழர்களே, பி.எட். படித்தபோது 'கற்றல் நோக்கம்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அதில் ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகுதான் பாடம் தயாரிக்கக் கற்றுக்கொண்டேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக விளைவதில்லை. ஏன்? மண், மழை, பாறை: புவியியல். நடுக்கட்டையில் இருக்கிற சிவப்புச் சாயம்: வேதியியல். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அந்த மரம் 1995லிருந்து இருக்கிறது, இருந்தும் கப்பல் ஏறுகிறது: பொருளாதாரம். பிடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று சொல்கிற அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு: குடிமையியல். ஒரே மரம், நாலு பாடம், பத்து நாள். பத்தாவது நாள் ஒரு பொண்ணு எழுந்து, "வெட்டறவன் பேரு பேப்பர்ல வருது. வாங்கறவன் பேரு ஏன் சார் வரல?" என்றாள். எந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவது இந்தக் கேள்வியை?

கணக்கைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புச் சதவீதம். வீட்டில் உலுக்கிய புளியை மூட்டை கட்டி, முதலில் நம்ம தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 43 கிலோ. வியாபாரி சீட்டில் 37. சாக்குக்கு ஒன்று, கழிவு இரண்டு என்று அவன் கணக்கு. "அப்போ மிச்சம் மூணு கிலோ எங்க சார் போச்சு?" அன்றைக்குச் சதவீதம் கற்பிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 43க்கு 6 என்றால் நூற்றுக்கு எத்தனை என்று, வழக்கமாகத் தூங்கி விழுகிற கடைசி பெஞ்சு முதலில் சொன்னது: கிட்டத்தட்ட 14.

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி. புத்தகக் கணக்கில் எப்போதும் வங்கியில் பணம் போட்டு வட்டி வாங்குகிறவர்தான் வருகிறார். மலையில் யார் வட்டி வாங்கினான்? கொடுத்துத்தான் பழக்கம். நூற்றுக்கு ஐந்து, அதுவும் மாதத்துக்கு. தனி வட்டி என்றால் வருஷத்துக்கு 60 சதவீதம். கட்ட முடியாமல் வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால் 10,000 ரூபாய் பன்னிரண்டு மாதத்தில் 17,959 ஆகிறது. பிள்ளைகள் இதைப் போட்டு முடித்து, வீட்டில் அப்பன் வாங்கிய முன்பணத்துக்கும் போட்டுப் பார்த்தார்கள். அந்த முன்பணம்தான் ஆந்திராவுக்கு லாரி ஏற்றுகிற கயிறு. மறுநாள் ஒரு தகப்பன் வந்து, "பொண்ணு கிட்ட இன்னா சொல்லிக் குடுத்த, ராத்திரி பூரா கணக்குக் கேக்கறா" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லாசிரியர் விருது அது.

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் அடி விழும். ஒரு தலைமையாசிரியர், "பாடத்தை நடத்துய்யா, அரசியலை ஏன் நடத்தற?" என்றார். அவருக்குப் பதில் எளிது. எடைக்கல்லை மறைப்பதும் அரசியல்தான். ஆபத்தானவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். "ஆஹா, உள்ளூர் அறிவு! மலைப் பிள்ளைகளுக்கு ஏன் அல்ஜீப்ரா, ஏன் இங்கிலீஷ்? தேன் எடுக்க, சாமை விதைக்க, மூலிகை பறிக்கச் சொல்லிக் கொடுங்கள், அதுதான் அவர்கள் பண்பாடு" என்று கண் கலங்குகிற கூட்டம். தேன் எடுக்க அவனுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா? இந்தப் பாட்டை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1953ல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக வெட்டி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். குலக்கல்வி என்று பேர் வைத்து 1954ல் விரட்டினோம். சேரிப் பிள்ளைக்குச் செருப்புத் தைப்பதைக் 'கைத்திறன்' என்றபோது நமக்கு வந்த ஆத்திரம், மலைப் பிள்ளைக்குத் தேன்கூட்டைக் காட்டும்போது ஏன் வருவதில்லை? மலையைப் பாடமாக்கு என்று நான் சொல்வது, அவனை மலையிலேயே கட்டிப்போட இல்லை. புளி மூட்டை வழியாகச் சதவீதத்துக்கு, வட்டி வழியாக அடுக்குக்குறிக்கு, அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்கோ நீதிமன்றத்துக்கோ அவன் இஷ்டம்போலப் போகட்டும் என்றுதான்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காவலூரைப் பாருங்கள். இதே மலையில்தான் இருக்கிறது. 1968ல் சின்னதாக ஒரு தொலைநோக்கி, 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986ல் 2.34 மீட்டர். வைனு பாப்பு பேரில் பெரிய வான் ஆய்வகம். 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதைக் கண்ட இடங்களில் இதுவும் ஒன்று. 1988ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பேர் வைத்தார்கள். கணக்கில் கெட்டிக்காரரின் பேர் வானத்தில் சுற்றுகிறது, கணக்கில் ஏமாற்றப்படுகிறவன் கீழே மூட்டை தூக்குகிறான். ஏன் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்? இருட்டு. ஊர் வெளிச்சம் அண்டாத வானம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். அதே இருட்டில் நடந்து பழகிய பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைக் கூண்டு 'வெளியூரு சாருங்க இருக்கற எடம்'. சூரியக் குடும்பத் தொங்கட்டான் மட்டும் சென்னையிலிருந்து பார்சலில் வருகிறது!

எங்கள் வானியல் பாடத்துக்கு ஆகும் செலவு ஒரு குச்சி. சரியாக ஒரு மீட்டர். மார்ச் 21 அன்று வெயிலில் செங்குத்தாக நட்டு, நிழல் குறுகிக் குறுகி மிகச் சின்னதாகும் நேரத்தில் அளக்கணும். இங்கே அது பன்னிரண்டு மணிக்கு வராது, பன்னிரண்டே காலைத் தாண்டித்தான் வரும். அது ஏன் என்பதே இன்னொரு பாடம். நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையினுடையது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். நிழல் சுமார் 22 சென்டிமீட்டர். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை எடு, டேன்ஜென்ட் 0.22 எந்தக் கோணத்துக்கு என்று அட்டவணையில் பார். பன்னிரண்டரை டிகிரியை ஒட்டி வரும். அதுதான் ஜவ்வாது மலையின் அட்சரேகை. நிலப்படத்தில் யாரோ எழுதி வைத்த எண்ணைப் பிள்ளைகள் தங்கள் முற்றத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 19 வாக்கிலும் அந்தக் குச்சிக்கு நிழலே விழாது.

இப்படிக் கற்பிப்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்த அதே 1972ல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகளே சோதனை செய்து அறிவியல் படிக்கிற திட்டம் தொடங்கியது. முப்பது வருஷம் நடந்தது, 2002ல் அரசே மூடியது. இத்தாலியில் பார்பியானா என்கிற மலைக் கிராமத்துப் பையன்கள் எட்டுப் பேர், தங்களை ஃபெயிலாக்கிய பள்ளியின்மேல் புள்ளிவிவரத்தோடு குற்றப்பத்திரிகை எழுதி 1967ல் புத்தகமாகப் போட்டார்கள். தமிழிலும் வந்திருக்கிறது. தேடிப் படியுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 1882ல் இரண்டு காரியம் நடந்தது. வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டம் போட்டு, காட்டில் இருந்தவனைக் காட்டுக்குள் நுழைந்தவனாக மாற்றினான். அதே வருஷம் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் பூலே மனுக் கொடுத்தார்: உழைக்கிற சாதிகளின் வரிப்பணத்தில் மேல்சாதி படிக்கிறது, ஏர் பிடிக்கத் தெரிந்தவனை வாத்தியாராகப் போடு, கணக்கும் விவசாயமும் சொல்லிக் கொடு என்று. வனச் சட்டம் ஜெயித்தது. பூலேயின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

2006 வன உரிமைச் சட்டத்தை எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு, நாலு ஹெக்டேர்வரை, கிராம சபையில் உரிமை கேட்கலாம். தமிழ்நாட்டில் 2008ல் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டா கொடுப்பது நின்று, 2016ல் உச்சநீதிமன்றம் தடையை நீக்கிய பிறகுதான் நகர்ந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டு நிலத்தைக் காலடியால் அளந்து வரைபடம் போட்டு, மனுவை நிரப்புகிறார்கள். பரப்பளவுக் கணக்கும் ஆச்சு, தமிழ்த் தேர்வில் வருகிற 'விண்ணப்பம் எழுதுக'வும் ஆச்சு. சுற்றுலா போனதைப் பற்றி நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறீர்களே, எங்கள் பிள்ளை எந்தச் சுற்றுலா போனான்? பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதட்டும். 30 நாளில் பதில் வரும், வராவிட்டால் மேல்முறையீடு என்பது அடுத்த பாடம்.

பத்தாம் வகுப்புக்கு வாச்சாத்தி. அங்கே அடிபட்டவர்களும் இதே மலையாளிப் பழங்குடிகள். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தார்கள், 18 பெண்களை நாசம் செய்தார்கள். 2011ல் 269 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதற்குள் 54 பேர் தண்டனை இல்லாமலே செத்துப் போயிருந்தார்கள். 2023ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெண் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து ஒரு தோழி நடத்தினார். நான் வெளியே நின்றேன். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல்: "சாட்சி சொன்ன அக்காங்க எதுவரைக்கும் படிச்சிருந்தாங்க?" தோழி, பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் சட்டம் படிக்கலாம் என்று சொன்னாராம்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை என்று அரசு நம்மை ஒரே பலகையில் எழுதுகிறது. 2025ல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பேர் மாற்றி அறிவித்தார்கள். நம் இயக்கத்துத் துண்டறிக்கையில் மட்டும் பழங்குடி ஒரு வால். 'தலித்துகள், பழங்குடிகள்' என்று மூச்சுவிட்டு முடிக்கிறோம், மலைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறோம்? மறுபக்கமும் உண்டு. முதல் வருஷம் என் சாதி தெரிந்து சொம்பை எட்ட வைத்த வீட்டையும் பார்த்தேன். அந்த வீட்டுப் பையன் வகுப்பில் இருக்கும்போதே அதையும் பாடமாகத்தான் பேசினேன். அவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான்.

அந்த வாசப்படிப் பையன் வரவில்லை. செம்மரப் பாடம் தயாராவதற்குள் மறுபடி போய்விட்டான். இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டட வேலை என்கிறார்கள்.

தொகுப்பு போடுகிற தோழருக்கு: யானை முகமூடிகளை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டோம், சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அடுத்த பெட்டியில் முத்திரை போட்ட எடைக்கற்கள் ஒரு செட், வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி முப்பது, முக்கோணவியல் அட்டவணை இருபது, அளவு நாடா ஐந்து. கல்லூரி மாணவர்கள் யாராவது வருவதாக இருந்தால் ஏப்ரல் 22 ராத்திரிக்குள் மேலே வந்துவிடுங்கள். மறுநாள் மத்தியானம் முற்றத்தில் குச்சி நடுகிறோம்.