கணினியோடு கதைப்போம்: பென் ட்ரைவில் தொலைந்த கணக்கு



எங்கள் மாதர் சங்கத்தின் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எக்செலில்தான் இருக்கிறது. சங்கத்துக்கென்று கணினி கிடையாது. கோப்பு பென் ட்ரைவில் இருக்கும். ஒருநாள் என் மகளின் மடிக்கணினி, இன்னொரு நாள் முள்ளியவளையில் ஒரு கடை. எங்கே செருகினாலும் பென் ட்ரைவிலேயே கோப்பைத் திறந்து, அதிலேயே பதிந்து, அதிலேயே சேமிப்பேன்.

ஒரு பங்குனிக் கடைசி. விடிந்தால் கணக்காய்வு. 23 பேருடைய தவணையையும் பதிந்து முடித்து ‘சேவ்’ கொடுத்தேன். வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. மேலே ‘நொட் ரெஸ்பொண்டிங்’ என்று வந்து எல்லாம் ஸ்ரக்காகி நின்றுவிட்டது. மகளுக்கு ரியூசனுக்கு நேரமாகிவிட்டது. “அம்மா, கெதியாத் தாங்கோ” என்று பக்கத்தில் நின்றாள். பொறுமையில்லாமல் பிடுங்கிவிட்டேன். திரும்பச் செருகினால் கோப்பைக் காணவில்லை.

மீன் விற்று வாரம் 200 ரூபா கட்டும் ஒரு பெரியம்மா எங்கள் சங்கத்தில் இருக்கிறா. அவவுடைய கடைசி ஐந்து தவணையும் அந்தக் கோப்பில்தான். 2009இல் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் தொலைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கந்தோராக அலைந்த சனம் நாங்கள். ‘பதிவில் இல்லை’ என்று அவவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வருமா?

எக்செல் சேமிக்கும் விதம் தெரிந்திருந்தால் நான் பிடுங்கியிருக்க மாட்டேன். கொப்பியில் ஒரு வரியை அழித்து எழுதுவதுபோல அது செய்வதில்லை. அதே இடத்தில் புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து முழுக் கணக்கையும் முதலிலிருந்து எழுதுகிறது. எழுதி முடிந்த பிறகுதான் பழையதை அகற்றி, அதன் பெயரைப் புதியதற்கு வைக்கிறது. மலிவான பென் ட்ரைவ் வாசிப்பதில் கெட்டிக்காரி, எழுதுவதில் சோம்பேறி. அதனால்தான் காத்திருக்க வைக்கிறது. அந்த நேரத்தில் பிடுங்கினால் இரண்டு கொப்பியும் பெயரில்லாமல் கிடக்கலாம்.

பென் ட்ரைவைத் துருவிப் பார்த்தபோது எட்டு எழுத்தும் இலக்கமும் கலந்த, விளங்காத பெயரோடு ஒரு கோப்பு கிடந்தது. அழிக்கவில்லை, நல்லகாலம். டெஸ்க்டொப்பில் பிரதியெடுத்து, பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எக்ஸ்-எல்-எஸ்-எக்ஸ் என்று சேர்த்துத் திறந்தேன். போன கிழமை வரையிலான கணக்கு இருந்தது! பெரியம்மாவின் நான்கு தவணையும் இருந்தன. மிச்சத்தை ஆளாளின் சிட்டைக் கொப்பியைப் பார்த்து இரவிரவாகப் பதிந்தோம். எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்றில்லை. எழுத்துப் பாதியில் அறுந்த கோப்பு திறக்கவே திறக்காது.

அப்படி ஸ்ரக்கானால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பென் ட்ரைவில் விளக்கு இருந்து, அது மினுங்கினால் இன்னும் எழுதுகிறது என்று அர்த்தம். 2018க்குப் பிந்திய விண்டோஸ்களில் ‘குயிக் ரிமூவல்’ முறை தானாகவே இருக்கிறது. எழுதி முடிந்த பிறகு கழற்றுவதற்குத்தான் அது உதவும், எழுதும்போது பிடுங்குவதற்கு அல்ல.

எங்கள் கோப்பிலும் ஒரு பிழை இருந்தது. கொன்ட்ரோலையும் எண்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். கணக்கு 310ஆவது வரியோடு முடிந்திருக்க, அது 20,000ஐத் தாண்டிப் போய் நின்றது. யாரோ வடிவாக இருக்கட்டும் என்று வெற்று வரிகளுக்கெல்லாம் கட்டமும் நிறமும் போட்டிருக்கிறோம். யாரோ என்ன, நான்தான். அந்த வரிகளைத் தெரிவுசெய்து முற்றாக நீக்கிச் சேமித்ததும் கோப்பு நன்றாகச் சிறுத்துவிட்டது.

வேறு கோப்பைப் பிரதியெடுக்கும்போதும் ஸ்ரக்காகிறதென்றால் எக்செலைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே இருப்பதை உடனே கணினிக்கு மாற்றிவிட்டு வேறு பென் ட்ரைவ் வாங்குங்கள்.

இப்போது நான் பென் ட்ரைவில் வைத்து வேலை செய்வதேயில்லை. கோப்பை டெஸ்க்டொப்புக்குப் பிரதியெடுத்து, அங்கே பதிந்து சேமித்து, எக்செலை மூடிய பிறகுதான் திரும்பப் பிரதியெடுக்கிறேன். பெயரோடு திகதியையும் சேர்ப்பேன். கடைசி மூன்று பிரதிகளை அழிப்பதில்லை. ஒரு பிரதி செயலாளரின் மின்னஞ்சலுக்கும் போகும். கடையில் செய்தால் வேலை முடிந்ததும் அங்குள்ள பிரதியை மறக்காமல் அழித்துவிடுவேன். சங்கத்துக் கடன் விவரம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.