மனக்கணக்கு வராதவன் மக்கா?

விழுப்புரமோ திண்டிவனமோ, டியூஷன் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் சகஜமாகச் சொல்லப்படும் வசனம் ஒன்று உண்டு: "மனசுல எதுவும் நிக்க மாட்டேங்குது, இவனுக்கு கணக்கு வராது." மனசில் நிற்பதும் கணக்கு வருவதும் ஒன்றேதானா? இல்லை என்பதே என் கட்சி.

47ஐ 6ஆல் மனதிலேயே பெருக்கும்போது 240, 42 என்று கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதைச் செய்வதுதான் 'வொர்க்கிங் மெமரி'. அதில் இடம் ரொம்பக் குறைவு. ஒரு நேரத்தில் சுமார் நான்கு சங்கதிகள்தான் நிற்கும் என்றார் நெல்சன் கோவன் (2001). ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும்.

இப்போது ஒரு புதிர். 23, 49, 3 லிட்டர் பிடிக்கும் மூன்று பாத்திரங்கள். 20 லிட்டர் அளக்க வேண்டும். 49இல் 23ஐயும், இரண்டு முறை 3ஐயும் கழித்தால் 20. சரிதான். ஆனால் 23இல் 3ஐக் கழித்தாலே போதுமே! ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட புதிர் இது. நீண்ட வழியில் மட்டுமே தீரும் கணக்குகளை முதலில் கொடுத்துப் பழக்கிவிட்டால், பலருக்கு இந்தச் சுலப வழி கண்ணில் படுவதே இல்லை.

2007இல் பெய்லாக், டிகாரோ என்ற இரு ஆய்வாளர்கள் இதே வகைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடி இல்லாதபோது நீண்ட வழியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள், வொர்க்கிங் மெமரி அதிகம் உள்ளவர்களே! குறைவாக உள்ளவர்கள்தான் சுலப வழியை அதிகம் கையாண்டார்கள். சுமக்க முடிகிறவன் சுமக்கிறான், முடியாதவன் வேறு வழி தேடுகிறான்.

அதற்காக ஞாபகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல படிகள் உள்ள கணக்குக்கு அது அவசியம். ஆனால் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமா? விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில் உள்ள திருக்கோவிலூருக்கு, 1910இல் நோட்டுப் புத்தகத்தோடு வேலை கேட்டுப் போனார் ராமானுஜன். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர். அந்த நோட்டில் இருந்தவை பெரும்பாலும் முடிவுகள் மட்டுமே. காகிதம் விலை அதிகம் என்பதால், இடைப்பட்ட படிகளை சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிடுவார். அவருக்கே சிலேட்டு தேவைப்பட்டது!

எனவே ஆசிரியர்களே, ரஃப் பேப்பரைத் தாராளமாகக் கொடுங்கள். ஒருவன் வேறு வழியில் விடை கண்டால், "நான் போட்ட மாதிரியே போடு" என்று அடித்துவிடாமல், எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். 'மக்கு' என்ற ஒரு சொல்லை நம்பி, பத்தாம் வகுப்போடு கணக்கையே விட்டுவிடுகிற பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள்.