50 பவுண்ட் ஃபீஸ், 3,000 பவுண்ட் மறதி

"நீ பி.காம் தானே, இதைக் கொஞ்சம் பாருடா" என்று லண்டனில் இருக்கும் பெரியம்மா மகள் போன மாதம் ஒரு கட்டுக் காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினாள். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஸ்கீம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதல் வீடு வாங்குபவர்களுக்காக பிரிட்டிஷ் அரசு 2015 டிசம்பரில் 'ஹெல்ப் டு பை ஐசா' என்ற சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தது. முதல் மாதம் 1,200 பவுண்ட் வரை போடலாம், அப்புறம் மாதம் 200 வரை. வீடு வாங்கும்போது சேமிப்பில் 25 சதவீதம் அரசு போனஸ். 12,000 சேர்த்தால் 3,000, அதற்கு மேல் கிடையாது. 2019 நவம்பரோடு புதுக் கணக்குகளை நிறுத்திவிட்டார்கள். பழைய கணக்குக்காரர்கள் 2030 டிசம்பர் 1 வரை போனஸ் கேட்கலாம்.

கேட்கலாம் என்றேனா? அவர்களாகக் கேட்க முடியாது. வில்லங்கமே அங்கேதான். வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கிரயம் முடிவதற்கு முன்பே. அதற்கு அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 50 பவுண்டும் வாட் வரியும்.

அக்கா முதல் நாளே போனில் சொல்லியிருக்கிறாள். கணக்கை மூடியதும் பேங்க் கொடுத்த கடிதத்தை அனுப்பியிருக்கிறாள். உலகத்தில் எங்கேயும் எனக்கு வீடு இருந்ததில்லை என்ற உறுதிமொழியும் போயிருக்கிறது. (இது நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம். ஊரில் தாத்தா வீட்டில் வாரிசுப் பங்கு வந்திருந்தால்கூட முதல் வீடு வாங்குபவர் ஆக முடியாது. ஊர் வீடு இன்னும் பெரியப்பா பெயரில்தான் இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அக்கா கையெழுத்துப் போட்டாள்.) எல்லாம் ஃபைலில் பத்திரமாகத் தூங்கியிருக்கிறது.

கிரயத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்த கணக்கில் 3,000 குறைகிறது. "இப்போது நேரமில்லை, நீங்கள் கட்டிவிடுங்கள், போனஸை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்றார்களாம். மூன்று தோழிகளிடம் கடன் வாங்கிக் கட்டினாள். சாவி வாங்கிய பிறகு கேட்டால், கிரயம் முடிந்துவிட்டதால் இனி விண்ணப்பிக்க முடியாதாம். "நீங்கள் நினைவூட்டியிருக்க வேண்டும்" என்று கடிதம் வேறு! மளிகைக் கடையில் மீதிச் சில்லறை தர மறந்தவர்கூட இப்படிப் பேசமாட்டார்.

50 பவுண்டுக்கு இவ்வளவு பொறுப்பா என்று சொலிசிட்டர்கள் கேட்பார்கள். கட்டுப்படியாகாது என்றால் இந்த வேலையை எடுக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லுங்கள், வாங்குபவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஒப்புக்கொண்ட பிறகு அது வேலைதான். ஐம்பதோ ஐந்நூறோ.

ஆனால் எனக்குப் பெரிய கோபம் அரசு மேல். மாதாமாதம் பணம் கட்டியவருக்கும் அரசுக்கும் நடுவில் மூன்றாவது மனிதரின் ஞாபகசக்தியை எதற்கு வைக்க வேண்டும்? கிரயம் முடிந்து ஆறு மாதம் வரை பேங்க் மூலம் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதுமே.

2017 ஏப்ரலில் வந்த லைஃப்டைம் ஐசாவில் இதைப் பாதி சரிசெய்தார்கள். போனஸ் கணக்கிலேயே சேர்ந்துவிடும். ஆனால் பணம் கணக்கிலிருந்து நேராக சொலிசிட்டருக்குத்தான் போக வேண்டும். அது தெரியாமல் யாராவது "உங்கள் அக்கவுண்டுக்கு மாற்றி அனுப்புங்கள்" என்று சொல்லி நீங்களும் எடுத்தால் 25 சதவீதம் பிடித்தம். 4,000 போட்டு 1,000 போனஸ் சேர்ந்து 5,000. அதில் 25 சதவீதம் 1,250. கைக்கு வருவது 3,750. போனஸ் போனது மட்டுமில்லை, சொந்தக் காசிலும் 250 காலி. போனஸ் 25, பிடித்தமும் 25, சமம்தானே என்று நினைத்தால் எங்கள் அக்கவுண்டன்சி சார் மார்க் போடமாட்டார் :-)

அக்கா எழுத்தில் புகார் கொடுத்துவிட்டாள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. வரும் செவ்வாயோடு எட்டு வாரம் முடிகிறது. அந்த மனுவுக்கு என்னென்ன காகிதம் எந்தத் தேதியில் போனது என்று நேற்று ராத்திரி உட்கார்ந்து அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.