மூணு கால் பூட்டு

"போர்டு போச்சு சார்!"

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், எது நின்றாலும் இதுதான் தீர்ப்பு. வருகிறவர் நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். புதுசு மூவாயிரம். துக்க வீட்டில் ஆட்டுகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் போர்டில் ஐம்பது அறுபது சாமான் இருக்கிறதே, அதில் எது செத்தது என்று ஒரு வார்த்தை கேட்கிறோமோ? மாட்டோம். சொன்னாலும் நமக்குப் புரியாது என்று நாமே முடிவு கட்டியாச்சு.

புரியும் சார். பத்து நிமிஷம் கொடுங்கள்.

ஆபீசில் என் பக்கத்து சீட்டு மாப்பிள்ளைக்கு (உறவெல்லாம் இல்லை, எங்கள் திண்டுக்கல்லில் சம வயசுக்காரன் எல்லாருமே மாப்ளதான்) போன மாதம் ஒரு சங்கடம். அவன் வீட்டில் கீழே தொட்டி, மாடியில் டேங்க், நடுவில் ஒரு குதிரைசக்தி மோட்டார். டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு ஆட்டோமேட்டிக் பெட்டி. ஒரு ராத்திரி பெட்டி தன் கடமையை மறந்துவிட்டது. விடிகாலையில் பார்த்தால் மாடிப்படியில் குற்றாலம். குழாயில் தண்ணீர் வருகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஊர் சார் இது. கீழ்வீட்டு அம்மா பேசிய பேச்சை இங்கே அச்சடிக்க முடியாது. வந்த மெக்கானிக் சொன்னது உங்களுக்கே தெரியும். விலை 2,800 ரூபாய்.

"வாடா" என்று நாகல் நகர் பக்கம் எனக்குப் பழக்கமான ரேடியோக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்கார அண்ணன் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை இங்கேயும் அங்கேயும் வைத்தார். ஓரிடத்தில் 'பீ...ப்' என்றது.

"இந்தா, இவன்தான் போய்ட்டான்."

அவர் காட்டியது மூணு கால் வைத்த கறுப்புப் பொட்டு. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பெயர் பி.சி. 547. விலை, டீயைவிடக் கம்மி.

"இம்புட்டுதானாண்ணே?"

"இம்புட்டுதான் தம்பி. நம்மூரு பூட்டு மாதிரிதான் இது. சாவியா கதவைத் தள்ளுது? தள்ளுறது ஆளு. தள்ள விடலாமா வேணாமாங்கிறதை மட்டும் சாவி சொல்லும்."

2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரில் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. மூணு காலில் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டுக்கும் நடுவேதான் பெரிய கரண்ட் போகும். மூன்றாவது கால் பேஸ், சாவித் துவாரம். அதில் சுமார் 0.7 வோல்ட் கொடுத்துத் துளி கரண்டை உள்ளே விட்டால் கதவு திறக்கிறது. அதை நிறுத்தினால் மூடிக்கொள்கிறது.

உள்ளே இருப்பது சிலிக்கன், அதாவது மணலிலிருந்து எடுத்த சமாசாரம். சுத்தமான சிலிக்கனில் கரண்ட் சரியாக ஓடாது. அதில் துளியூண்டு பாஸ்பரஸ் கலந்தால் எலக்ட்ரான் உபரி. போரான் கலந்தால் எலக்ட்ரான் பற்றாக்குறை. உபரி, பற்றாக்குறை, உபரி என்று மூன்று அடுக்கு வைத்தால் அதுதான் இந்த டிரான்சிஸ்டர். சூட்சுமம் எல்லாம் நடு அடுக்கில் இருக்கிறது. அது படு மெல்லிசு. எமிட்டரிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் அங்கே நின்று மூச்சு விடுவதற்குள் கலெக்டர் இழுத்துக்கொள்கிறது. இருநூறில் ஏதோ ஒன்றுதான் நடுவில் சிக்குகிறது. அந்த ஒன்றுக்குப் பேஸ் வழியாக நீங்கள் ஈடு கட்டினால் மற்றதெல்லாம் ஓடும். கட்டவில்லையென்றால் கடை மூடப்படும். ஒரு பங்கு கொடுத்து இருநூறு பங்கை ஆட்டிவைக்கிற வித்தை!

மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் இப்படி இரண்டு பேர். டேங்கின் உச்சியில் இரண்டு கம்பி தொங்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் அதன் வழியாக ஒரு ஆம்பியரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கசியும். (எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு தாராளம், கசிவுக்குப் பஞ்சமே இல்லை.) அது முதல் டிரான்சிஸ்டரை எழுப்பும். முதலாவது எழுந்தால் இரண்டாவதுக்குப் போகிற சாவிக் கரண்டைப் பிடுங்கிக்கொள்ளும், இரண்டாவது தூங்கிவிடும். அது தூங்கினால் ரிலே விடுபடும், மோட்டார் நிற்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு, ஐந்தாறு ஆம்பியர் மோட்டாரை 'உட்கார்' என்கிறது. உட்கார்கிறது.

செத்தது இரண்டாவது ஆள். திறந்த நிலையிலேயே வெந்துபோய்விட்டான். சாவியை எப்படித் திருகினாலும் தாழ் நகராது. அதனால்தான் குற்றாலம்.

ஏன் வெந்தான் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ரிலே என்பது கம்பிச் சுருள். ஓடுகிற கரண்டைச் சட்டென்று நிறுத்தினால் சுருளுக்குக் கோபம் வரும். 12 வோல்ட்டில் வேலை செய்தது நூறு வோல்ட்டுக்கு மேல்கூட உதைக்கும். பி.சி. 547 தாங்குவதோ 45. அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டையோடு பக்கத்திலேயே வைப்பார்கள். இந்தப் போர்டில் அதன் கால் ஒன்று பற்று விட்டிருந்தது. அண்ணன் இரண்டையும் புதுசாகப் போட்டார். டேங்கில் அரித்துப் பச்சை பூத்திருந்த கம்பிகளுக்குப் பதில் எவர்சில்வர் துண்டு இரண்டு கொடுத்தார். மொத்தம் 150 ரூபாய். டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார். (நீங்களே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கிவிடாதீர்கள். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.)

பூட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பூட்டு ஒன்று திறந்திருக்கும், இல்லையென்றால் பூட்டியிருக்கும். டிரான்சிஸ்டரைக் கால்வாசி, அரைவாசி என்றும் திறக்கலாம், வயல் மடைப் பலகையைத் தூக்குகிற மாதிரி. சாவிக் கரண்ட் எப்படி ஏறி இறங்குகிறதோ அதே நடையில் பெரிய கரண்டும் ஏறி இறங்கும். ரேடியோவின் ரகசியம் இதுதான்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டிரான்சிஸ்டர் என்றாலே ரேடியோ. தாத்தா அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வயலுக்குப் போவார். அதற்கு முந்தைய வால்வு ரேடியோ வரப்பில் பாடாது. வால்வு சூடேறவே கரண்ட் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு நாலு செல் போதும். திருச்சி நிலையத்திலிருந்து வந்து சேருகிற அலையில் எறும்பின் பலம்கூடக் கிடையாது. அந்த எறும்பு மடைப் பலகையை ஆட்டுகிறது. செல்லின் சக்தி பாட்டாக ஓடுகிறது. சந்தேகமிருந்தால் செல் தீரும் சமயம் கவனித்திருப்பீர்கள். செய்தி வாசிப்பவர் அங்கே முழுத் தொண்டையில்தான் வாசிப்பார். இங்கே வாசிப்பு முனகலாகும். தாத்தா செல்லை வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். ஆம்ப்ளிஃபையர் சத்தத்தை உண்டு பண்ணுவதில்லை சார். இருக்கிற சக்தியை அளந்து விடுகிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்த நாள் 1947 டிசம்பர் 16. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் பார்டீன், பிராட்டெய்ன் என்ற இருவர் ஜெர்மேனியத் துண்டின் மேல் தங்கத் தகடு சுற்றிய பிளாஸ்டிக் ஆப்பை அழுத்திச் சாதித்தார்கள். அவர்களுடைய தலைவர் ஷாக்லிக்கு, தான் அதில் இல்லையே என்று வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில் சில வாரங்களிலேயே மேலே சொன்ன மூன்றடுக்கு டிரான்சிஸ்டரை யோசித்துவிட்டார். வயிற்றெரிச்சலால் உலகத்துக்கு நன்மை விளைந்த சொற்ப சந்தர்ப்பங்களில் ஒன்று. 1956ல் மூவருக்கும் நோபல். 1948ல் இதை அறிவித்தபோது நியூயார்க் டைம்ஸ் ரேடியோ செய்திகளின் கடைசியில் நாலு சின்னப் பத்தி போட்டதோடு சரி. நம்மவர் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாப் படிகத்தை வைத்து ரேடியோ அலையைப் பிடித்து, 1904லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு மடை வேண்டாம், பூட்டு போதும். பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவியும் வேண்டும், மேனேஜர் சாவியும் வேண்டும். இரண்டு டிரான்சிஸ்டரை வரிசையாக வைத்தால் அதுதான்: 'இதுவும் அதுவும்'. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வாசல் இரண்டு: 'இது அல்லது அது'. ஒருவன் எழுந்தால் மற்றவன் தூங்குகிற நம் டேங்க் பெட்டி: 'இல்லை'. இந்த மூன்றை வைத்துக் கூட்டலாம், கழிக்கலாம், சம்பளப் பட்டியல் போடலாம், சீட்டு விளையாடலாம்.

2021ல் வந்த ஐபோனின் ஏ15 சில்லில் இப்படி 1,500 கோடி. ரகம் கொஞ்சம் வேறு: சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே திறந்துவிடும். விரல் நகமளவு இடத்தில் அத்தனையும் இருக்கின்றன. அதில் ஒன்று வெந்தால் எந்த அண்ணனின் மல்டிமீட்டர் முனையும் உள்ளே நுழையாது. அங்கே "போர்டு போச்சு" என்றால் நம்பலாம். கால்களைக் கண்ணால் எண்ண முடிகிற போர்டென்றால், 2,800 ரூபாயை எடுப்பதற்கு முன் "எந்தக் கால்ல அண்ணே கோளாறு?" என்று கேட்டுப் பாருங்கள். வருகிறவர் உங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார்.