வீடு நகரலாம், தரை நகரக் கூடாது

தமிழர்களுக்கு கேரவன் என்றதும் நினைவுக்கு வருவது சினிமா. படப்பிடிப்பு நடக்கும் தெருவோரம் ஏசி உறும நிற்கும் நீண்ட வண்டி, வாசலில் ஒரு உதவியாளர், உள்ளே யார் என்று எட்டிப் பார்க்கும் கூட்டம். அந்த வண்டி இப்போது நட்சத்திரங்களை இறக்கிவிட்டு, மாமியார், மருமகள், பேரன், பேத்தி சகிதம் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து காட்டுக்கும் மலைக்கும் கிளம்பத் தொடங்கியிருக்கிறது. படுக்கை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. வாடகையைக் கொடுத்தால் டிரைவரோடு வாசலுக்கே வந்துவிடும்.

கோவிட் காலம் இதற்கு ஒரு தள்ளு கொடுத்தது. பிறர் படுத்த படுக்கையில் படுக்கத் தயங்கியவர்களுக்கு, தங்கள் குடும்பம் மட்டுமே இருக்கும் அறை சக்கரத்தில் வந்தது. கர்நாடகத்தின் 2020 சுற்றுலாக் கொள்கையில் கேரவனுக்கு இடம் கிடைத்தது. மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் ஒரு தனியார் கேரவன் நிறுவனமும் கைகோத்தன. கேரளம் 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று தனித் திட்டமே அறிவித்து, 2022 பிப்ரவரியில் வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது.

ஆக, வண்டி வந்தாகிவிட்டது. சிக்கல் மழையில் தொடங்குகிறது.

பள்ளிக் குழந்தைகள் உள்ள பெங்களூர் குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைப்பது கோடையில், அல்லது தசராவில். இடையில் சுதந்திர தினம், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வரும் நீண்ட வார இறுதிகள். கோடையை விட்டால் மற்றதெல்லாம் மழைக்காலம். பெங்களூருக்கு ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 970 மில்லிமீட்டர். அதில் செப்டம்பரும் அக்டோபரும்தான் பெரும் பங்கு. ஆனால் வண்டி போக விரும்பும் திசையோ மேற்கு. குடகு, சிக்மகளூர், சக்லேஷ்பூர் என்று மலை ஏற ஏற மழையும் ஏறும். ஆகும்பேயில் ஓராண்டில் 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அங்கே போகும் வழியும் மழைக்கு விலக்கல்ல. 2023 மார்ச் 12 அன்று பிரதமர் திறந்துவைத்த பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலை, ஒரு வாரத்துக்குள் பெய்த கோடை மழையிலேயே ராமநகரம் அருகே குளமாகி நின்றது.

மழையில் கேரவனுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கூரைமேல் சடசடவென்று விழும் சத்தம், கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகும் காப்பித் தோட்டம், உள்ளே பஜ்ஜியும் காப்பியும். பாட்டிக்கும் பெண்களுக்கும் இன்னும் பெரிய ஆறுதல், வழியில் சுத்தமான கழிப்பறை தேடி அலைய வேண்டியதில்லை. கேரவனை விற்பது காட்சிகள் என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் அதை விற்பது அந்தக் கழிப்பறைதான்.

முதல் இரண்டு மணி நேரம் சொர்க்கம். பிறகு ஈரத் துணி காயாது. ராஜா ராணி திருடன் போலீஸ் பத்து ஆட்டம் முடிந்து பிள்ளைகள் சண்டையைத் தொடங்கியிருப்பார்கள். சாரல் அடிப்பதால் ஜன்னலைத் திறக்க முடியாது. புழுங்குகிறது என்று யாராவது ஏசியைப் போடச் சொல்வார்கள். இருட்டும்போது டிரைவர் திரும்பி, “சார், ராத்திரி எங்கே நிறுத்தறது?” என்று கேட்பார்.

அமெரிக்கக் குடும்பம் இந்தக் கேள்விக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பதில் வைத்திருக்கும். அங்கே பல மாநிலப் பூங்காக்களில் இத்தகைய வண்டிகளுக்கென்றே எண் போட்ட இடங்கள் உண்டு. சரளையோ கான்கிரீட்டோ போட்டு மட்டப்படுத்திய தரை, பக்கத்தில் மின்சார பிளக், குடிநீர்க் குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம். முன்பதிவு செய்தால் அந்த எண் அன்றிரவு அந்தக் குடும்பத்துக்கு. மழை அங்கேயும் பெய்கிறது, பிள்ளைகள் அங்கேயும் சண்டை போடுகிறார்கள். ஆனால் வண்டி நிற்பது உறுதியான தரையில். மின்சாரம் கம்பத்திலிருந்து வருவதால் ஜெனரேட்டருக்கு வேலை இல்லை.

இங்கே வாகமன் மாதிரி பூங்காக்களையும் சில விடுதி வளாகங்களையும் விட்டால் மிஞ்சுவது பெட்ரோல் பங்க், தாபா, இல்லையென்றால் சாலையோரம். பஸ் சேஸிஸில் கட்டிய வண்டி பல டன் எடை. மழையில் ஊறிய செம்மண்ணில் ஒரு சக்கரம் இறங்கினால் அந்த இரவு போயிற்று. பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வன விலங்குகள் அடிபடாமல் இருக்க 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 வரை அங்கே போக்குவரத்துக்குத் தடை. மழையில் வேகம் குறைந்து கேட்டை எட்டுவதற்குள் மணி ஒன்பது தாண்டினால், குடும்பம் தான் தேர்ந்தெடுக்காத இடத்தில் இரவைக் கழிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தெரியாத இடத்தில் நிறுத்துவது எத்தனை ஆபத்து என்பதை 2024 ஜூலை 16 காட்டியது. வடகன்னட மாவட்டம் ஷிரூரில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டிய மலை காலையில் சரிந்து விழுந்தது. சாலையோர டீக்கடையும் அதை நடத்திய குடும்பமும், ஓய்வுக்காக அங்கே நிறுத்தியிருந்த லாரிகளும் மண்ணோடு கங்காவளி ஆற்றுக்குள் போயின. இறந்தவர்களில் தமிழக டேங்கர் ஓட்டுநர்களும் உண்டு. கேரள ஓட்டுநர் ஒருவரின் லாரி இரண்டு மாதங்களுக்கு மேல் கழித்து, செப்டம்பர் 25 அன்றுதான் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள். டீக்கடையைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார்கள். சாலைக்காக வெட்டிய மலைச்சரிவின் அடிவாரத்தில் மழைக்கு ஒதுங்கும் எந்தக் கேரவனுக்கும் ஆபத்து இதேதான்.

இரண்டாவது எச்சரிக்கை கேரவனிலிருந்தே வந்தது. 2024 டிசம்பரில், கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். இருவரும் அந்த வண்டியோடு வேலை பார்த்தவர்கள். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நிறுத்தி, ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்ததில், ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டித் தளத்திலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது தெரிந்தது.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும், வெளியே போகத் தோன்றும். தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டவர்கள் இறந்த செய்தி மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது வருகிறது. கேரவனிலும் அதே கதைதான். மழை ஜன்னலை மூட வைக்கிறது, மூடிய ஜன்னல் ஏசியைக் கேட்கிறது, பிளக் இல்லாத இடத்தில் ஏசி ஜெனரேட்டரைக் கேட்கிறது.

ஆகவே, வாடகை பேசும்போது மெத்தையின் தடிமனையும் டி.வி.யின் அளவையும் கேட்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா? ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது? தங்கும் இடத்தில் பிளக் உண்டா? எல்லோரும் படுத்த பிறகு ஜெனரேட்டர் ஓடக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் வியர்த்தால் பரவாயில்லை. டிரைவர் எங்கே படுப்பார் என்றும் கேட்க வேண்டும். வடகரையில் இறந்தவர்கள் பயணிகள் அல்ல. குடும்பம் மெத்தையில் தூங்கும்போது, மறுநாள் ஈரமான மலைப்பாதையில் அத்தனை உயிரையும் இறக்க வேண்டியவர் முன் இருக்கையில் சுருண்டு கிடப்பது யாருக்கும் நல்லதல்ல.

அரசுகள் செய்ய வேண்டியதற்கும் பெரிய திட்டம் தேவையில்லை. கர்நாடக சுற்றுலாக் கழகத்துக்கு மயூரா ஓட்டல்கள் இருக்கின்றன, தமிழகத்துக்கு ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, ஜங்கிள் லாட்ஜஸுக்குக் காட்டோர விடுதிகள் இருக்கின்றன. பலவற்றிலும் வளாகமும் மின்சாரமும் காவலாளியும் ஏற்கெனவே உண்டு. ஒவ்வொன்றிலும் சரிவிலிருந்து தள்ளி நாலைந்து கான்கிரீட் மேடை, ஆளுக்கொரு பிளக், ஒரு குழாய், கழிவைக் கொட்ட ஒரு தொட்டி, டிரைவர்களுக்கு ஓர் அறை போதும். கொள்கை அறிக்கைகளில் வழவழப்பான வண்டிப் படம் போடுவதைவிட இது மலிவு. கழிவுத் தொட்டியைக் காவிரிக் கரையில் திறந்துவிட்டுப் போகும் ஆசையும் குறையும்.

அதுவரை, கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் குடும்பம் காதில் போட்டுக்கொள்வது நல்லது. “ராத்திரி எங்கே தங்குவீங்க?” பதிலில் ஓர் ஊர், ஒரு வளாகம், ஒரு பிளக் இருந்தால் மழையிலும் தைரியமாகப் போகலாம். “வழியில பாத்துக்கலாம்” என்பதுதான் பதில் என்றால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். பஜ்ஜியை வீட்டு பால்கனியிலும் சாப்பிட முடியும்.