உண்பவன் இல்லாத சரக்கு



நம்மிடம் இருபது ஆண்டுகளாகச் சரக்கு எடுத்துவரும் சில்லறை வியாபாரி ஒருவர், ஒருநாளும் தவணை தவறாதவர், 2024 கோடையில் வந்து இரண்டு மாத அவகாசம் கேட்டார். விசாரித்தபோது, "அண்ணாச்சி, பையன் நிலம் வாங்கியிருக்கிறான். மண் எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்றார். கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தை எடுத்து, மகன் கணினி விளையாட்டு ஒன்றில் பண்ணை வாங்கிவிட்டானாம்.

அந்த விளையாட்டின் பெயர் பிக்ஸல்ஸ். விவரம் தெரிந்த பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வீடியோ விளையாட்டுகளைப் போல, சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன பொம்மைப் படம். பல நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விதைக்கிறார்கள், நீர் ஊற்றுகிறார்கள், அறுக்கிறார்கள், விற்கிறார்கள். இலவசமாகவும் ஆடலாம். ஆனால் 5,000 பண்ணை நிலங்கள் விலைக்கு உரியவை. எந்த நிலம் யாருடையது என்பது பிளாக்செயின் என்னும் பேரேட்டில் பதிவாகிறது. பேரேட்டின் நகல் பல இடங்களில் இருப்பதால், ஒருவர் தனியாக அடித்துத் திருத்த முடியாது. கணக்கு எழுதும் முறை என்ற அளவில் அதில் நாம் குறை காணவில்லை. நம் கேள்வி சரக்கைப் பற்றியது.

நம் கிட்டங்கியிலிருந்து போகும் துவரம்பருப்பு, இரண்டு கை மாறினாலும் மூன்று கை மாறினாலும், முடிவில் ஒரு வீட்டில் சாம்பாராகிறது. அந்த வீட்டுக்காரர் அடுத்த மாதமும் வருவார். நம் தொழில் நிற்பது அவரை நம்பித்தான். பிக்ஸல்ஸ் பண்ணையில் விளைவதை உண்பவர் யார்?

அங்கே பெர்ரி என்று ஒரு காசு இருந்தது. விளைச்சலை விளையாட்டுக் கடையில் போட்டால் பெர்ரி கிடைக்கும். ஆட வந்தவர்கள் பெருகப் பெருகப் பெர்ரியும் பெருகியது. செலவழிக்கும் வழி அந்த அளவுக்குப் பெருகவில்லை. வரத்து கூடி, தேவை கூடாவிட்டால் விலை என்னவாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-ல் நடத்துபவர்களே பெர்ரியைக் கைவிட்டு, விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயத்தை வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் சந்தைக்கு வந்த பிக்ஸல் என்ற மற்றொரு காசு, மார்ச்சில் ஒரு டாலரை ஒட்டி ஏறி, 2025-ல் சில சென்ட்டுகளுக்கு இறங்கிவிட்டது.

இது முதல் அனுபவமும் அல்ல. பிக்ஸல்ஸ் 2023-ல் ரோனின் என்ற பேரேட்டுக்கு மாறியது. அதை உருவாக்கிய வியட்நாம் நிறுவனமான ஸ்கை மேவிஸ், அதற்கு முன்பே ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டை நடத்தியது. கொரோனா ஊரடங்கில் வருமானம் இழந்த பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் அதில் இறங்கினார்கள். சாரி-சாரி என்று அழைக்கப்படும், வீட்டு முன்புறத்தில் நடக்கும் சிறு மளிகைக் கடைகள் அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிக் கடை வைத்திருந்த முதியவர்களும் ஆடினார்கள். தொடங்குவதற்கு அப்போது மூன்று பொம்மைப் பிராணிகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. முடியாதவர்கள் வாரத்துக்கு ஆடினார்கள். அவர்கள் சம்பாதித்த காசு, பெரும்பாலும் புதிய பிராணிகளை உருவாக்கவே பயன்பட்டது. அந்தப் பிராணிகளை வாங்குபவர் யார்? விளையாட்டுக்குப் புதிதாக வருபவர். வருகை குறைந்தது, 2021 ஜூலையில் நம் பணத்தில் 25 ரூபாயைத் தாண்டியிருந்த காசு, ஓராண்டுக்குள் ஒரு ரூபாய்க்கும் கீழே போனது.

2022 மார்ச்சில் ரோனினில் சுமார் 60 கோடி டாலருக்கு மேல் களவு போயிற்று. ஒன்பது சாவிகளில் ஐந்து இருந்தால் பெட்டி திறக்கும் என்ற ஏற்பாடு. ஐந்தும் கள்வர் கைக்குப் போய்விட்டன. ஆறு நாள் கழித்தே விஷயம் தெரிந்தது. அன்றாடம் கல்லாவை எண்ணிப் பூட்டுகிற நமக்கு, இதைப் படிக்கவே மனம் பதறுகிறது.

வரி விஷயத்தையும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. நஷ்டம் வந்தால், அதைக் கடை லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அதாவது, லாபத்தில் அரசுக்குப் பங்கு உண்டு. நஷ்டம் முழுவதும் நம்முடையது.

"நீங்களும் யூக வியாபாரம் செய்ததில்லையா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மிளகு விலை ஏறும் என்று இருப்பு வைத்து நாமும் அடிபட்டதுண்டு. ஆனால் அடிபட்ட பிறகும் கிட்டங்கியில் மிளகு இருந்தது. விலையைக் குறைத்தபோது வாங்க ஆள் வந்தது. முதலில் பாதியாவது திரும்பியது.

எனவே நம் உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைகள் விளையாடுவதைத் தடுக்க வேண்டாம். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கைப்பேசியில் புழங்குவதைத் தடுங்கள். கொள்முதல் கணக்கைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். எந்தப் பணம் யாருக்குப் பாக்கி என்று தெரிந்த பையன் அதில் கைவைக்கத் தயங்குவான். எந்தப் புதுச் சரக்கு வந்தாலும், "கடைசியில் இதை உண்பவன் யார்?" என்று கேட்கப் பழக்குங்கள். பதில், "நமக்குப் பிறகு வாங்குகிறவன்" என்றால், அது சரக்கு அல்ல.

நம் நண்பர் வாரத் தவணையில் பாக்கியை அடைத்துவிட்டார். அந்த நிலத்தை வாங்கிய விலைக்குக் கேட்பார் இல்லை. பையன் காலையில் கடை திறக்கிறான். இரவில் இன்னும் அந்த விளையாட்டை ஆடுகிறானாம். ஆடட்டும், இப்போது இலவசமாகத்தான்.